ஆறு டஜன் உருண்டைகள்

அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியைக் காயப்போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

ஜெர்மனியின் நடுவில் துரிங்கியா என்று ஒரு மலைக்காட்டுப் பிரதேசம். அதில் லவுஷா என்று ஒரு சின்ன ஊர். 1880களில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று மாதங்கள் இருக்கும்போது, ராத்திரி நேரத்தில் அந்த ஊரில் ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் அநேகமாக இந்தக் காட்சியைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஒரே அறை. சமையல், சாப்பாடு, தூக்கம், தொழில் எல்லாம் அதற்குள்தான். ஜன்னலோரம் ஒரு மேசை. மேசையில் சீறிக்கொண்டு எரியும் ஒரு சுடர். வீட்டுக்காரர் ஒரு கண்ணாடிக் குழாயை அதில் காட்டி உருட்டுகிறார். அது இளகியதும் வாயில் வைத்து ஊதுகிறார். பலூன் மாதிரி உப்புகிறது. உருண்டையின் ஒரு முனையில் காம்பு மாதிரி கொஞ்சம் குழாயை மிச்சம் விட்டு, எடுத்து வைக்கிறார். அடுத்தது.

அவர் மனைவி அந்தக் காம்பு வழியாக உள்ளே ஏதோ ஒரு திரவத்தை விடுகிறார். வெந்நீரில் காட்டிக் குலுக்குகிறார். கண்ணெதிரே கண்ணாடி வெள்ளியாக மாறுகிறது. ஆணி அடித்த பலகையில் ஒவ்வொன்றாகக் குத்தி, அடுப்பின் சூட்டில் காயவைக்கிறார். காய்ந்ததைச் சாயத்தில் முக்கி எடுத்து மறுபடி காயவைக்கிறார். அப்புறம் தூரிகை. ஒரு பூ, இரண்டு இலை, ஒரு பொன்னிறக் கோடு. கடைசியில் காம்பை அறுத்து, தலையில் ஒரு சின்ன உலோகத் தொப்பியை மாட்டி, டஜன் டஜனாக அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும்.

அது யார் வேலை?

பிள்ளைகளின் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்.

உலகத்தில் பாதிப் பேருடைய கிறிஸ்துமஸ் மரத்தில் இன்றைக்குத் தொங்குகிற அந்தப் பளபள உருண்டை இருக்கிறதே, அது பிறந்த அறை இதுதான். பண்டிகைக்காக வீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் வண்ணம் தீட்டுவது இப்போது பலருக்கு இனிமையான பொழுதுபோக்கு. இந்த வீட்டில் அது பொழுதுபோக்கு இல்லை. அரிசி பருப்பு.

*

லவுஷாவில் கண்ணாடி ஒன்றும் புதிதல்ல. ஊரே கண்ணாடியால் உண்டானதுதான். 1597ல் ஹான்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்கிற இரண்டு கண்ணாடிக் கலைஞர்கள் கோபர்க் பிரபுவிடம் அனுமதி வாங்கி இங்கே உலை மூட்டினார்கள். உலைக்கு வேண்டிய விறகு காட்டில். மணலும் தண்ணீரும் பக்கத்தில். வேறென்ன வேண்டும்? உலையைச் சுற்றி வீடுகள். வீடுகளைச் சுற்றிக் காடு. இன்றைக்கும் லவுஷாவில் கிரைனர், முல்லர் என்ற குடும்பப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை.

பாட்டில், கோப்பை என்று பெரிய உலையில் செய்தவர்கள், பிறகு வீட்டிலேயே சின்னச் சுடரை வைத்துக்கொண்டு மணிகள் ஊத ஆரம்பித்தார்கள். பொம்மைக்குக் கண் செய்தார்கள். 1835ல் இதே ஊரில் லுட்விக் முல்லர்-ஊரி என்பவர், விபத்திலும் நோயிலும் கண்ணை இழந்தவர்களுக்குப் பொருத்துகிற கண்ணாடிக் கண்ணையே செய்யத் தொடங்கிவிட்டார். அத்தனை நுணுக்கமான கை.

சரி, மரத்தில் தொங்கும் உருண்டை எப்படி வந்தது?

ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் ஆப்பிள், வாதுமைக்கொட்டை, பலகாரம் இதெல்லாம்தான் தொங்கவிடுவார்கள். லவுஷாவில் ஓர் ஏழைக் கண்ணாடித் தொழிலாளி. ஆப்பிள் வாங்கக் காசில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகள் ஏமாந்துபோகக் கூடாதே என்று கண்ணாடியிலேயே ஆப்பிளும் கொட்டையும் ஊதி மாட்டினாராம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருப்பது, கவிதை துளியும் இல்லாத வேறொன்றுக்கு. ஒரு கண்ணாடித் தொழிலாளியின் ஆர்டர் புத்தகம். அதில் 1848ஆம் வருடத்துப் பதிவு ஒன்று: கிறிஸ்துமஸ் மரத்துக்கான உருண்டைகள், பல அளவுகளில், ஆறு டஜன்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்குக் கதையைவிட இந்தக் கணக்குப் புத்தகத்தின் மேல் பிரியம் ஜாஸ்தி. யாரோ கேட்டிருக்கிறார்கள். யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எழுபத்திரண்டு உருண்டைகள். ஒரு பெரிய வியாபாரத்தின் முதல் வரி.

அதே 1848 டிசம்பரில் லண்டனில் ஒரு பத்திரிகைப் படம் வெளியானது. விக்டோரியா மகாராணியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளும் ஓர் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கிற படம். ஆல்பர்ட் யார்? ஜெர்மானியர். எந்த ஊர்? லவுஷாவுக்கு உலை மூட்ட அனுமதி கொடுத்த அதே கோபர்க் வம்சம். 1850ல் அமெரிக்காவில் ஒரு பெண்கள் பத்திரிகை அந்தப் படத்தை எடுத்து, மகாராணியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் அழித்துவிட்டு, ஏதோ ஓர் அமெரிக்கக் குடும்பம் மாதிரி மாற்றிப் போட்டுவிட்டது! ராணி வீட்டு வழக்கம் நடுத்தர வீட்டு வழக்கமாக மாறியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மரம் வந்தால் அலங்காரமும் வந்தாக வேண்டுமே.

*

இரண்டு விஷயங்கள் லவுஷாவின் கையைப் பலப்படுத்தின.

ஒன்று, 1867ல் ஊருக்கு வந்த எரிவாயு ஆலை. அதுவரை விளக்குச் சுடரில் ஊதிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏறும், இறங்கும். எரிவாயு வந்ததும் சீரான, கடுமையான சுடர் கிடைத்தது. அதில் உருண்டையைப் பெரிதாகவும், அதே சமயம் மெல்லிசாகவும் ஊத முடிந்தது. மெல்லிசு என்றால் எடை குறைவு. எடை குறைவு என்றால் மரக்கிளை தாங்கும்.

இன்னொன்று, வெள்ளி. முன்பெல்லாம் உள்ளே ஈயம் கலந்த பூச்சு பூசிக்கொண்டிருந்தார்கள். யுஸ்டுஸ் ஃபோன் லீபிக் என்ற மகா பெரிய வேதியியல் விஞ்ஞானி, வெள்ளி நைட்ரேட்டையும் சர்க்கரையையும் வைத்துக் கண்ணாடியில் வெள்ளியைப் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். பாதரசம் பூசி முகம்பார்க்கும் கண்ணாடி செய்தவர்கள் அந்த விஷத்தில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. லீபிக்கின் வழி அதற்கு மாற்றாக வந்தது. 1870 வாக்கில் அது லவுஷாவின் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

வெள்ளி நைட்ரேட்டுக்கு ஒரு குணம் உண்டு. தோலில் பட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சோப்புக்கெல்லாம் மசியாது. தோல் உரிந்துதான் போகும். உருண்டைக்கு வெள்ளி, பூசிய கைக்குக் கறுப்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் தீட்டுவதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை உண்டு. பூ ஒரு வீட்டில் இப்படி, இன்னொரு வீட்டில் அப்படி. அச்சுக்குள் வைத்து ஊதிப் பழம், பறவை, மீன், மணி என்று விதவிதமாகச் செய்தார்கள். பறவைக்கு வால் நுண்ணிய கண்ணாடி இழையில். கண்ணாடிப் பொடியைத் தூவினால் பனி விழுந்த மாதிரி இருக்கும். இதில் ஒரு தொல்லை, போன வருஷத்து டிசைனை இந்த வருஷம் வாங்குகிறவர் சீண்டமாட்டார். ஆகவே வருஷா வருஷம் புது மாதிரி யோசித்தாக வேண்டும். வானத்தில் செப்பலின் ஆகாயக் கப்பல் பறந்தால், மரத்தில் கண்ணாடி செப்பலின் தொங்கும். ஓவியக் கல்லூரியெல்லாம் போகாதவர்கள். சமையல் மேசையில் உட்கார்ந்துதான் இவ்வளவும்.

இடைச்செருகலாக ஒரு தமாஷ். ஊறுகாய் போடுகிற வெள்ளரிக்காய் வடிவத்தில் ஒரு கண்ணாடி அலங்காரம் உண்டு. அதை மரத்துக்குள் ஒளித்துவைத்து, முதலில் கண்டுபிடிக்கிற குழந்தைக்குக் கூடுதல் பரிசு தருவது 'பழைய ஜெர்மானிய மரபு' என்று அமெரிக்கர்கள் சொல்வார்கள். ஜெர்மனியில் போய்க் கேட்டால், அப்படியா, கேள்விப்பட்டதே இல்லையே என்பார்கள். சரக்கு விற்க ஒரு மரபு தேவைப்பட்டால் மரபையும் தயாரித்துவிட வேண்டியதுதான்.

*

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம்.

லவுஷாவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் சோனபெர்க். பொம்மை வியாபாரத்தில் உலகப் புகழ் பெற்ற ஊர். மொத்த வியாபாரிகள் அங்கேதான். 1789லேயே 26 வியாபாரிகளுக்கு மட்டும் தனி உரிமைப் பத்திரம் கொடுத்திருந்தார் அந்தப் பகுதியின் ஆட்சியாளர். செய்கிறவன் நேராக வெளியே விற்க முடியாது. இவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தத் தனி உரிமை போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. அமெரிக்காக்காரனின் விலாசம் வியாபாரியிடம் இருந்தது. லவுஷாக்காரனிடம் சுடர் மட்டும்தான் இருந்தது.

சரக்கை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பெண்கள். ஆளுயரக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தே போவார்கள். உள்ளே இருப்பதோ கண்ணாடி. வழுக்கினால் கதை முடிந்தது. 1886ல்தான் சோனபெர்க்கிலிருந்து லவுஷாவுக்கு ரயில் வந்தது.

கல்லூரியில் காஸ்ட் அக்கவுன்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. ஒரு பொருளின் அடக்க விலை என்றால் மூலப்பொருள், கூலி, மேற்செலவு. மேற்செலவில் கட்டட வாடகை, விளக்கு, எரிபொருள், சேதாரம் எல்லாம் வரும். லவுஷா உருண்டைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டடம்? அவர்கள் வீடு. விளக்கு, அடுப்பு? அவர்கள் செலவு. உடைந்துபோனால்? அவர்கள் தலையில். கூலி? டஜனுக்கு இவ்வளவு என்று அப்பாவிடம் கொடுத்தாகிவிட்டது. அம்மாவின் வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. பிள்ளைகளின் வேலைக்குக் கிடையவே கிடையாது. ஐந்து பேர் வேலை, ஒரு கூலி. எந்தத் தொழிற்சாலை இந்த விலையோடு போட்டி போட முடியும்?

அதனால்தான் அது மலிவாக இருந்தது. அதனால்தான் உலகம் முழுக்கப் போனது.

அமெரிக்காவில் ஃபிராங்க் உல்வொர்த் என்று ஓர் இளம் கடைக்காரர். ஐந்து சென்ட் கடை வைத்திருந்தவர். 1880ல் பிலடெல்பியாவில் ஓர் இறக்குமதியாளர் இந்தக் கண்ணாடி உருண்டைகளைக் காட்டியபோது உல்வொர்த் உதட்டைப் பிதுக்கினாராம். தொட்டால் உடைகிற இதை எவன் வாங்குவான்? விற்காவிட்டால் நஷ்டம் என்னுடையது என்று அவர் உத்தரவாதம் கொடுத்த பிறகே, போனால் போகிறதென்று 25 டாலருக்கு எடுத்தார். இரண்டே நாள். கடையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்புறம் என்ன? வருஷா வருஷம் ஆர்டர் எகிறியது. 1890ல் கொள்முதலுக்காக உல்வொர்த்தே ஜெர்மனிக்குக் கிளம்பி வந்துவிட்டார். அலங்காரங்கள் செய்கிற வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார். ஐரோப்பாவிலேயே மிக ஏழ்மையான ஜனங்கள் இவர்கள் என்கிற ரீதியில் ஊருக்குக் கடிதம் எழுதினார். எழுதிவிட்டு, ஆர்டரும் கொடுத்தார்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. எந்த வியாபாரியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1913ல் நியூயார்க்கில் உல்வொர்த் கட்டடம் எழுந்தது. அன்றைய தேதிக்கு உலகத்திலேயே உயரமானது. கடன் வாங்காமல் கட்டினார். ஐந்து சென்ட், பத்து சென்ட்டாகச் சேர்ந்த காசு. அதில் லவுஷாவின் காசும் உண்டு.

*

ஜெர்மனியில் யாருமே இதைக் கேட்கவில்லையா? கேட்டார்கள்.

1903ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் 12 வயது ஆகியிருக்க வேண்டும். சொந்தப் பிள்ளை என்றால்? 10 வயது போதும்.

சட்டத்தை எழுதியவர்களைச் சும்மா திட்டிவிட முடியாது. அதுவரை வீட்டுக்குள் சட்டம் நுழைந்ததே இல்லை. இவர்கள்தான் முதலில் கதவைத் தட்டினார்கள். ஆனாலும் அந்த இரண்டு வருட வித்தியாசம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொந்தப் பிள்ளை என்றால் சீக்கிரம் களைக்காதா என்ன?

1906ல் பெர்லினில் ஒரு கண்காட்சி நடந்தது. வீட்டில் உட்கார்ந்து செய்யப்படும் பொருட்களின் கண்காட்சி. துணி, பொம்மை, செயற்கைப்பூ என்று வரிசையாக வைத்திருந்தார்கள். விசேஷம் பொருட்களில் இல்லை, அவற்றில் தொங்கிய சீட்டுகளில். சாதாரணமாகச் சீட்டில் என்ன இருக்கும்? விலை. இங்கே இருந்தது வேறு. இதைச் செய்ய எத்தனை நேரம் ஆனது, செய்தவருக்கு மணிக்கு எவ்வளவு கிடைத்தது. அவ்வளவுதான். சக்கரவர்த்தினியே வந்து பார்த்தார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் கடைத்தெருவில் இருந்த பொருட்களில் அந்தச் சீட்டு இல்லையே.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதல் உலகப்போரில் கடல் வழி அடைபட்டது. ஏற்றுமதி படுத்துவிட்டது. போர் முடிந்து மறுபடி தலைதூக்கியது. அமெரிக்கக் கடைச் சங்கிலிகள் சோனபெர்க்கிலேயே கிடங்கு கட்டும் அளவுக்கு வளர்ந்தது. அடுத்த போர் வரப்போகிற வாசனையை முதலில் பிடித்தவர் மாக்ஸ் எக்கார்ட். சோனபெர்க் பக்கத்து ஆள், அமெரிக்காவில் இறக்குமதியாளர். ஜெர்மன் சரக்கு நின்றுபோனால் என்ன செய்வது? கார்னிங் என்ற கண்ணாடிக் கம்பெனியிடம் போனார். அவர்களிடம் மின்விளக்குக் குமிழ் செய்கிற ஓர் அசுர இயந்திரம் இருந்தது. குமிழ் ஊதுகிற இயந்திரம் உருண்டை ஊதாதா?

ஊதியது. 1939 டிசம்பரில் பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோவிலிருந்து முதல் சரக்கு கிளம்பியது. யாருக்கு? உல்வொர்த்துக்கு! லவுஷாவில் ஓர் ஆள் ஒரு நாள் முழுக்க ஊதினால் சில நூறு. இயந்திரம் ஒரே நிமிடத்தில் சில நூறு. கதை கந்தல்.

போருக்குப் பிறகு லவுஷா கிழக்கு ஜெர்மனியின் கையில். எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில். சிலர் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் அரசாங்கக் கம்பெனிக்கு ஊதினார்கள். 1990ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபோது, மலிவுப் போட்டியில் லவுஷாவை மற்ற நாடுகள் முந்திவிட்டிருந்தன. ஐந்து பேர் வேலை, ஒரு கூலி என்கிற சூத்திரம் வேறு முகவரிக்கு மாறிவிட்டது.

லவுஷா செத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை. மலிவாக விற்பதை விட்டுவிட்டது. வாயால் ஊதி, கையால் தீட்டி, அதற்குரிய விலையைக் கேட்டது. கொடுக்க ஆளும் இருந்தது. 2021ல் லவுஷாவின் கண்ணாடி அலங்காரத் தொழில் ஜெர்மனியின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2023ல் யுனெஸ்கோ, ஜெர்மனி உட்பட ஆறு ஐரோப்பிய நாடுகளின் கைக் கண்ணாடித் தொழிலை உலகப் பட்டியலில் சேர்த்தது. உல்வொர்த்? அமெரிக்காவில் மிச்சமிருந்த அந்த மலிவுக் கடைகளை 1997ல் மூடிவிட்டார்கள்.

இன்றைக்கு லவுஷாவின் பட்டறைகளில் சுற்றுலாப் பயணிகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அதே சுடர், அதே காம்பு, அதே தூரிகை. பாரம்பரியம் என்கிறோம். கை தட்டுகிறோம். தட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கையைப் பழக்கியது எது என்பதையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, தூக்கம் கண்ணைச் சொருக, காம்பு அறுத்துத் தொப்பி மாட்டிய பிள்ளைகள்தான் வளர்ந்து அடுத்த தலைமுறையின் கலைஞர்கள் ஆனார்கள்.

அடுத்த டிசம்பரில் எங்கேயாவது ஒரு கண்ணாடி உருண்டையைக் கையில் எடுத்தால், கிட்டத்தில் பாருங்கள். அதில் உங்கள் முகம் தெரியும். பின்னால் உங்கள் வீடு, விளக்கு, பிள்ளைகள் எல்லாம் குட்டியாக வளைந்து தெரிவார்கள். வெள்ளி இருப்பது உள்பக்கம். அதனால்தான் நாம் எத்தனை தடவை தொட்டாலும் அது நம் கையில் ஒட்டுவதில்லை.

பூசியவர் கையில் ஒட்டியது.